டிபன் டப்பாவில் ஒரு அடைக்கோழி

அந்த அறைக்குள் மருந்துத் தண்ணீரில் குளிக்காமல் எதுவும் போக முடியாது. வெளியே வருவதற்கும் அதே சட்டம்தான். முட்டைத் தட்டோ, வாளியோ, துடைப்பமோ, ஆளோ, வாசலில் நின்று தெளிப்பானுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றியாக வேண்டும். மீட்டர் பார்க்க வந்தவர் ஒருமுறை சட்டைப்பை நோட்டோடு நனைந்துபோய், "ஏம்மா, நான் என்ன முட்டையா?" என்று கேட்டார்.

"முட்டை பாவம், ஒரே இடத்துல கெடக்குது. நீங்கதான் வீடு வீடாப் போய்ட்டு வர்றீங்க" என்றாள் அவள். சொல்லிக்கொண்டே அவர் முதுகுக்கும் ஒரு தடவை அடித்தாள்.

அவளை அக்கம்பக்கத்தில் ஹேச்சரியம்மா என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை, அதில் ஆள் உயர மர அலமாரிகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஆயிரத்து இருநூறு முட்டை. கோழி இல்லாமல் குஞ்சு பொரிக்கிற வேலை. உள்ளே சூடு முப்பத்தேழே முக்கால் டிகிரியில் நிற்க வேண்டும். மணிக்கு ஒருதரம் தட்டைச் சாய்த்து முட்டையைத் திருப்ப வேண்டும். தண்ணீர்த் தட்டு காயக்கூடாது. இருபத்தொரு நாள். நடுவில் ஒரு நாள் கண் அசந்தால் அத்தனை உழைப்பும் நாறிப்போகும், நிஜமாகவே நாறும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் எங்கிருந்தோ வந்த நோய் ஒன்று இரண்டு அலமாரியையும் ஒரே வாரத்தில் காலி செய்தது. தெளிப்பான் அப்போது வந்ததுதான். இப்போது அது அவள் கையில் கரண்டி மாதிரி. எடுப்பதும் அடிப்பதும் அவளுக்கே தெரியாமல் நடக்கும்.

ஒரே மகள். வீட்டில் கூப்பிடுகிற பேர் பல்பு.

அந்தப் பேர் வந்த கதை இது. முட்டைக்குள் கரு கூடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். நரம்பு தெரிந்தால் உயிர், வெறும் வெளிச்சம் தெரிந்தால் கூமுட்டை. ஆறு வயசில் அந்த டார்ச்சைப் பிரித்துப் பாயில் பரப்பிவிட்டாள் பெண். அம்மா போட்ட சத்தத்தில் அழுதுகொண்டே திரும்ப மாட்டினாள். டார்ச் எரிந்தது. ஆனால் பாயில் ஒரு திருகாணி மிச்சம்.

"இது எங்கடி போகணும்?"

"அது வேணாம்மா. அது இல்லாமயே எரியுது."

அப்பா சிரித்துச் சிரித்து அன்றைக்கு வைத்த பேர்தான் பல்பு. அவர் குஞ்சுகளை வண்டியில் ஏற்றிப் பண்ணைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். போகிற இடத்தில் எல்லாம் இந்தத் திருகாணிக் கதையைச் சொல்லாமல் வரமாட்டார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஒன்பது வயசில் தண்ணீர்த் தட்டுக்கு ஒரு மணி செய்தாள். பாட்டில் மூடி தண்ணீரில் மிதக்கும். தண்ணீர் குறைந்தால் மூடி இறங்கும். இறங்கினால் இரண்டு கம்பி தொட்டுக்கொண்டு பழைய காலிங்பெல் அலறும். பதினொரு வயசில் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் ஒரு கோழியை நடக்க வைத்தாள். நடந்த கோழி முட்டை போட்டது. போட்டுக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லி எழுத மறந்துவிட்டாள். திரை முழுக்க முட்டை. "இப்படி ஒரு கோழி நெஜத்துல இருந்தா நாம எங்கயோ போயிருப்போம்" என்றார் அப்பா. பெண் சிரிக்கவில்லை. எங்கே தப்பு என்று இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் தேடினாள்.

அம்மாவுக்கு அதெல்லாம் விளையாட்டு. மற்ற பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், இது கம்பியோடு விளையாடுகிறது, அவ்வளவுதான். எந்த நாளில் அது வேலையாக மாறியது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பதினாலு வயசில் பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பா ஒன்றில் திருப்புளியைச் சூடாக்கி ஓட்டை போட்டு, உள்ளே உள்ளங்கை அளவு போர்டு ஒன்றை வைத்து, ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டர் புகையில் கண் சிவக்க நான்கு மாதம் உட்கார்ந்து ஒன்றைச் செய்தாள். அது சூடு பார்க்கும், ஹீட்டரைப் போடும், அணைக்கும், மோட்டாரைச் சுழற்றி இரண்டு அலமாரித் தட்டுகளையும் திருப்பும், ஏதாவது கோளாறு என்றால் கத்தும். அதற்கு அடைக்கோழி என்று பேர். முதலில் அம்மா அதை நம்பவில்லை. ஒரு மாதம் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைக் காவல் காத்தாள். அடுத்த மாதம் நாற்காலியை எடுத்துவிட்டாள். மூன்று வருஷமாக அந்த வீட்டில் இரவில் தூங்குகிறார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் இன்ஜினியரிங் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. மார்க் போதும், ஆனால் நேரில் வர வேண்டும், வரும்போது தன் கையால் செய்த பொருள் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். எட்டு நாள் அவகாசம்.

சாப்பிடும்போது பேச்சு வந்தது.

"அந்தக் கோடு பாத்து ஓடுற காரைக் கொண்டு போயேன்" என்றார் அப்பா. "பாக்க நல்லாருக்கும். லைட்டெல்லாம் எரியும்."

"அது புக்ல பாத்துப் பண்ணதுப்பா. அங்க வர்றதுல பாதிப் பேரு அதைத்தான் கொண்டு வருவாங்க."

"அப்ப எதைக் கொண்டு போவே?"

பெண் தட்டில் சோற்றை ஒதுக்கினாள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"அடைக்கோழியவா?"

"அது ஒண்ணுதான்மா நானா யோசிச்சுப் பண்ணது."

"உள்ள ரெண்டாயிரத்து நானூறு முட்டை இருக்குடி. நீ போற அன்னைக்குப் பன்னெண்டாவது நாள்."

"தெரியும். அதான் ஒண்ணும் சொல்லல."

"இன்னொண்ணு செய்ய முடியாதா?"

"போர்டு வர மூணு வாரம் ஆகும்மா."

அப்பா ஒரு வாய் எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டார். மூன்று பேரும் பின்பக்கக் கதவைப் பார்த்தார்கள். அடைக்கோழி அது பாட்டுக்கு உள்ளே டிக் என்று ஹீட்டரை அணைத்தது.

"ரெண்டு பேரும் காலைல போய்ட்டு சாயங்காலம் வந்துருவீங்கல்ல?" என்று கேட்டாள் அம்மா.

"அஞ்சரை பஸ்ஸு. ஆறு மணிக்குள்ள திரும்பிடலாம்."

"பன்னெண்டு மணி நேரம். நான் பாத்துக்கறேன். இந்தப் பொட்டி வர்றதுக்கு முன்னால யாரு பாத்தா? உங்கப்பாவா?"

"நான் வண்டி ஓட்டுனேன்ல" என்றார் அப்பா.

"ஆமா, நீங்க ஓட்டுன வேகத்துலதான் குஞ்சு பொரிஞ்சுது."

அப்படி முடிவாயிற்று. வாளியக்கா அன்றைக்குச் சீக்கிரம் வருவதாகச் சொன்னாள். தட்டு கழுவுகிற பெண்மணி அவள்; எந்நேரமும் கையில் வாளி.

அந்த நாள் விடிவதற்குள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பெண் முன்னறையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா பைக்குள் துண்டை விரித்து டப்பாவுக்கு மெத்தை செய்துகொண்டிருந்தார். அம்மா உள்ளே போய், பெண் சொல்லித் தந்தபடி ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சிவப்பு, கறுப்பு, மஞ்சள். ஹீட்டரைக் கை சுவிட்சுக்கு மாற்றினாள். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். மூன்று வருஷப் புழுதி அதன்மேல். பரீட்சைக்குப் போகிற பொருள் இப்படியா போவது என்று முந்தானையால் துடைத்தாள். வாசலில் நின்றாள். தெளிப்பானை எடுத்தாள்.

முன்பக்கம் அடித்தாள். திருப்பிப் பின்பக்கம் அடித்தாள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி தூக்கிப்பிடித்து அடிப்பக்கமும் அடித்தாள்.

டப்பாவின் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் ஒழுகித் தன் பாதத்தில் சொட்டிய பிறகுதான் அவளுக்குக் கை நின்றது.

"ஐயோ" என்றாள். தெளிப்பானைக் கீழே போட்டாள். வாளியக்காதான் கத்தினாள்: "ஏம்மா! என்ன காரியம் பண்ணிட்டே!"

பெண் ஒரு காலில் ஷூவோடு ஓடி வந்தாள். டப்பாவைப் பார்த்தாள், தெளிப்பானைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாங்கி மூடியைத் திறந்து கவிழ்த்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கும்.

"திட்டுடி. ஏதாவது சொல்லு" என்றாள் அம்மா.

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா."

அவ்வளவுதான். இன்னொரு ஷூவையும் மாட்டிக்கொண்டு, போர்டை மட்டும் டப்பாவிலிருந்து வெளியே எடுத்துக் கையில் பிடித்தபடி போய்விட்டாள். அப்பா வாசலில் ஒருமுறை திரும்பி, ஒன்றும் இல்லை என்பதுபோல் கையை ஆட்டினார். அவருக்கு நடிக்க வராது.

அந்தப் பகல் எப்படிப் போனது என்று வாளியக்காவைக் கேட்டால் விடிய விடியச் சொல்வாள். ஏழு மணிக்கே சூடு முப்பத்தொன்பதுக்கு ஏறிவிட்டது. அம்மா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். திறந்ததில் முப்பத்தைந்துக்கு இறங்கியது. பன்னிரண்டாம் நாள் முட்டை தானே கொஞ்சம் சூடு விடும். அந்தக் கணக்கு அவள் கையை விட்டுப் போயிருந்தது. ஒரு காலத்தில் அலமாரியின் பலகையைத் தொட்டே சொல்லிவிடுவாள். இப்போது தொட்டால் பலகை பலகையாக இருந்தது.

"கண்ணுல வச்சுப் பாரேன்" என்றாள் வாளியக்கா. "முன்ன அப்படித்தானே பாப்பே?"

முட்டையை எடுத்து, கண்ணை மூடி, இமையின் மேல் வைத்துப் பார்க்கிற முறை. உடம்பிலேயே அந்த இடத்துத் தோல்தான் மெல்லிசு. கால் டிகிரி வித்தியாசமும் தெரியும். அம்மா ஒரு முட்டையை எடுத்து வைத்தாள். இமையை விட்டு எடுக்கவில்லை. முட்டை ஈரமாகிவிட்டது.

"அழுதுட்டுப் பாத்தா எப்படித் தெரியும்? தொடைச்சிட்டு வை."

"நாலு மாசம் கஷ்டப்பட்டுப் பண்ணாக்கா. நான் நாலு செகண்டுல..."

"நீ வேணும்னா பண்ணே?"

"வேணும்னு பண்ணிருந்தாக் கூடப் பரவால்ல. கொழுப்புன்னு சொல்லலாம். இது என்னன்னு சொல்றது? கை பண்ணுது, தலை வேடிக்கை பாக்குது."

"மணி எட்டு. தட்டைத் திருப்பு. அப்புறம் பேசு."

திருப்பினார்கள். ஒன்பதுக்குத் திருப்பினார்கள். பதினொரு மணிக்குள் இமை பழையபடி பேசத் தொடங்கியது. ஹீட்டர் சுவிட்சைப் போட, அணைக்க, கதவை ஒரு விரல் அளவு திறக்க, மூட என்று கை தானாக ஓடியது. ஆனால் ஒவ்வொரு தடவை கை தானாக ஓடும்போதும் அவளுக்குப் பயமாக இருந்தது. நின்று, யோசித்து, பிறகு செய்தாள். மத்தியானச் சோற்றை இருவரும் அலமாரிக்கு முன்னால் நின்றபடியே தின்றார்கள்.

ஆறே காலுக்கு வண்டிச் சத்தம். பெண் நேராக அறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"சூடு எவ்ளோம்மா?"

"முப்பத்தேழரை, முப்பத்தெட்டு. அதை விடு. என்னாச்சு?"

"முதல்ல நான் சொல்றேன்" என்று நடுவில் புகுந்தார் அப்பா. "நாலு மணி நேரம், நாலு மணி நேரம் ஜன்னல் கம்பி கிட்ட அந்தப் போர்டைப் புடிச்சுட்டே வந்தா. புடவை காயப்போட்ட மாதிரி. பக்கத்து சீட்டுக்காரரு, 'என்னம்மா டவர் கெடைக்கலையா'ங்கறாரு."

"அப்பா, சும்மா இருங்க."

"காஞ்சுதா?" என்றாள் அம்மா.

"காஞ்சுது. ஆனா காஞ்சாத்தான்மா பிரச்சனை. மருந்துத் தண்ணி காஞ்சா வெள்ளையாப் படியும். அது வழியா கரண்ட் தப்பான எடத்துக்கு ஓடும். போட்டா மொத்தமா போயிரும். அதனால நான் போடல."

"போடலையா? அங்க போயும் போடலையா?"

"மூணு பேரு உக்காந்திருந்தாங்க. ஒரு நரைமுடிக்காரரு, கண்ணாடி போட்ட ஒரு மேடம், அப்புறம் லேப்டாப்ப விட்டு நிமிராத ஒருத்தரு. 'ஆன் பண்ணு'ன்னாங்க. 'பண்ண மாட்டேன் சார்'ன்னேன்."

"அப்படியேவா சொன்னே?"

"வேற எப்படிச் சொல்றது? நனைஞ்சிருச்சு, முதல்ல கழுவணும்னேன். அந்த நரைமுடிக்காரரு சிரிச்சாரு. 'தண்ணில நனைஞ்சதைக் கழுவுவியா'ன்னாரு. ஸ்பிரிட்டும் ஒரு பிரஷ்ஷும் குடுங்க, காட்றேன்னேன். லேப்ல இருந்து கொண்டு வரச் சொன்னாங்க. அங்கயே தரையில உக்காந்து கழுவுனேன்."

"தரையிலயா?"

"மேஜை மேல அவங்க டீ இருந்துச்சும்மா."

வாளியக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். இது சீக்கிரம் முடிகிற கதையில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"கழுவிட்டுப் போட்டேன். ஸ்கிரீன் வந்துச்சு. ஹீட்டரையும் மோட்டாரையும் போட்டு அணைக்கிற ரெண்டு ரிலேல ஒண்ணு டிக்குன்னுச்சு, இன்னொண்ணு சத்தம் போடல. அது செத்துருச்சு. அப்பதான் அந்த லேப்டாப்புக்காரரு நிமிந்தாரு. புரோகிராமைக் காட்டுன்னாரு. காட்டுனேன். படிச்சுட்டே வந்தவரு நின்னுட்டாரு. 'இது என்ன, கூமுட்டை?'ன்னாரு."

"யாரைத் திட்டுனாரு?" அம்மாவுக்குச் சுருக்கென்றது.

"திட்டலம்மா. நான்தான் அப்படிப் பேரு வச்சிருக்கேன். சென்சார்ல இருந்து தப்புத்தப்பா நம்பர் வந்தா, அந்த நம்பரை நம்பக்கூடாதுன்னு ஒதுக்கி வைக்கிற எடம் அது. நீ டார்ச்சடிச்சு ஒதுக்கி வைப்பேல்ல? அதே வேலைதானே. உள்ள எல்லாமே அப்படித்தான். அடை, திருப்பு, தண்ணித்தட்டு, கூமுட்டை. இங்கிலீஷ் எழுத்துல எழுதிருக்கேன், பேரு நம்ம பேரு."

"அந்த மேடம் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம்" என்றார் அப்பா. "வராந்தா வரைக்கும் கேட்டுச்சு. நான் என்னமோ ஏதோன்னு எந்திரிச்சு நின்னுட்டேன்."

"அம்மாக்கண்ணுன்னு ஒரு வரி இருக்கே, அது என்னன்னாங்க. ஒண்ணு புள்ளி மூணு. சென்சார் ஃபேன் பக்கத்துல இருக்கறதால கம்மியாக் காட்டுது. அம்மா கண்ணுல வச்சு 'சரி'ன்னு சொல்றப்பல்லாம் குறிச்சு வச்சேன், பன்னெண்டு நாள் குறிச்சதுல ஒண்ணு புள்ளி மூணு டிகிரி வித்தியாசம் வந்துச்சு, அதைக் கூட்டிக்கறேன்னு சொன்னேன். அதை அந்த நரைமுடிக்காரரு அவரு நோட்ல எழுதிக்கிட்டாரு."

அம்மா அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெண் 'முட்டையைக் கண்ணுல வைம்மா, வைம்மா' என்று உயிரை எடுத்தது அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

"எப்படி நனைஞ்சுதுன்னு கேக்கலையா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"என் தப்புன்னேன்."

"என்னடி உன் தப்பு! நான்தானே..."

"அந்த வாசலைத் தாண்டுற எல்லாத்தையும் நீ நனைப்பேன்னு எனக்குப் பதினோரு வருஷமாத் தெரியும்மா. தெரிஞ்சும் ஓட்டை போட்ட டப்பால வச்சேன். அது அந்த ரூமை விட்டு வெளிய வரவே வராதுன்னு நெனச்சுட்டேன். அது டிசைன் தப்புதானே? அதைத்தான் சொன்னேன்."

அம்மா ஓரடி கிட்டே வந்தாள். தன்னைக் காப்பாற்றச் சொன்னதா, நிஜமாகவே அப்படி நினைக்கிறதா என்று முகத்தைப் பார்த்தாள். பெண் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். அதுதான் அம்மாவை என்னவோ செய்தது.

பழைய ரிலே ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்து, ஏழு மணிக்குள் அடைக்கோழியைத் திரும்ப உட்கார வைத்தாள் பெண். இருபத்தொன்றாம் நாள் குஞ்சுகள் ஓட்டைக் கொத்திக்கொண்டு வந்தன. வழக்கத்தைவிட நூற்றுச் சொச்சம் குறைவு. "அந்தக் காலைல முப்பத்தொம்பது போச்சுல்ல, அதுக்கு" என்றாள் அம்மா.

சீட்டு கிடைத்துவிட்டது என்று தெரிந்தது அதற்கு மறுநாள். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு காரணமே இல்லாமல் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். வாளியக்கா பல்பின் கன்னத்தை ஈரக்கையால் கிள்ளினாள். ஆனால் பெண் மட்டும் தட்டு கழுவுகிற இடத்தில் போய் உட்கார்ந்து, சொல்லாமலேயே தட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள். அம்மாவுக்கு மூக்கில் வியர்த்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து தானும் ஒரு தட்டை எடுத்தாள்.

"என்னடி?"

"அடுத்த வருஷம் சேர்றேன்னு எழுதிக் குடுக்கலாம்மா. அப்படி ஒரு வழி இருக்கு."

"எதுக்கு?"

பெண் தட்டைத் திருப்பித் தேய்த்தாள்.

"நான் பண்ணதுக்குக் கோவமா? அன்னைக்குத் திட்டியிருக்கலாம்ல?"

"திட்டுனா மட்டும் காஞ்சிருமா? அதில்லம்மா." தட்டை வைத்தாள். "கடைசியா அந்த மேடம் ஒண்ணு கேட்டாங்க. அதை நான் வீட்டுல சொல்லல. 'இன்னைக்கு அந்த முட்டையெல்லாம் யாரு பாக்கறா?'ன்னாங்க. அம்மான்னேன். 'நீ இங்க நாலு வருஷம் இருந்தா?'ன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. சொல்ல என்ன இருக்கு? அது கத்துனா நீ வாசல்ல நின்னு என்னைக் கூப்புடுவே. மூணு வருஷமா ஒரு தடவை கூட நீ அந்த டப்பாவைத் தொட்டதில்ல. கழட்டுனதே அன்னைக்குத்தான். அன்னைக்கு ஒரு பகலுக்கே நூறு முட்டை போச்சு."

அம்மா தட்டின் மூலையில் காய்ந்து ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினாள்.

"தெரியாததால தொடல. தெரிஞ்சா தொடுவேன்."

"அம்மா, அது புரோகிராமு..."

"தண்ணித்தட்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? திருப்புன்னா தெரியாதா? உனக்கு அந்த வார்த்தையெல்லாம் குடுத்ததே நான்தானே. காலேஜ் எப்பத் தொறக்குது?"

"ஏழு வாரம்."

"ஒரு அடைக்கு மூணு வாரம்னா ரெண்டு அடைக்கு மேலயே இருக்கு. முதல் அடைக்கு நீ சொல்லிக்குடு. ரெண்டாவதுக்கு நான் தனியாப் பாக்கறேன். கையைத் தொடை, வா."

சொல்வது சுலபமாக இருந்தது. லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்ததும் விரல் எல்லாம் கட்டை. ஓர் எழுத்தைத் தேடுவதற்குள் தட்டு திருப்புகிற நேரம் வந்துவிடும். ஒரு நாள் எல்லாம் சரியாக அடித்தும் ஓடவில்லை. சிவப்பில் நாலு வரி திட்டியது.

"இதுக்கு என்ன கோவம் இப்ப?"

"கடைசில ஒரு செமிகோலன் போடலம்மா."

"இந்த ஒத்தைப் புள்ளிக்கும் கமாவுக்குமா இத்தனை திட்டு? என் மாமியாரே தேவல."

வாளியக்கா சிரித்ததில் கையில் இருந்த தட்டு நழுவி விழுந்தது.

ஆனாலும் படித்தாள். கறுப்பு அட்டை நோட்டு ஒன்றில் தன் மொழியில் எழுதி வைத்துக்கொண்டாள். 'கத்தினால் முதலில் ஸ்கிரீன் பார். நம்பர் இல்லையென்றால் ஒயர். நம்பர் இருந்தால் ஹீட்டர்.' பத்து நாளில் சூட்டு அளவை மாற்றக் கற்றாள். பதினைந்து நாளில் ஒரு ரிலேயைக் கழற்றி மாட்டினாள். விரலில் சால்டர் சுட்டுக் கொப்புளம் வந்தது, அதை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டினாள். பெண் புதிதாக ஒரு மூடிய டப்பா செய்தாள், தண்ணீர் புகாதது. செய்து முடித்ததும் அம்மா கையில் தெளிப்பானைக் கொடுத்து, "அடி" என்றாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது அடை வைத்த அன்றைக்கு அம்மா ஒரு சட்டம் போட்டாள். இனி பல்பு அறைக்குள் வரக்கூடாது. பெண் சரி என்றாள். ஆனால் நாள் முழுக்க அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தாள். துணி காயப்போட வருகிற மாதிரி வருவாள், காயாத துணியை எடுத்துக்கொண்டு போவாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அடைக்கோழி கத்தியது.

அம்மா உள்ளே தனியாக இருந்தாள். சத்தம் அந்தச் சின்ன அறைக்குள் மண்டையைத் துளைத்தது. ஸ்கிரீனைப் பார்த்தாள். நம்பர் இருந்தது, ஆனால் ஆடியது. இருபது, நாற்பத்தாறு, முப்பத்தேழு, மைனஸ் எண்பது. நோட்டில் இது இல்லை. பக்கத்தைப் புரட்டினாள், திரும்பப் புரட்டினாள். வெளியே தடதடவென்று ஓடிவருகிற காலடி. கதவுக்கு அடியில் இரண்டு காலின் நிழல் வந்து நின்றது.

"அம்மா? என்ன காட்டுது? நம்பர் என்ன?"

"இரு."

"நான் வரவா?"

வா என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. அந்த ஓர் எழுத்துதான். சொன்னால் அரை நிமிஷத்தில் சத்தம் நின்றுவிடும். அவளுக்குத் தெரியும்.

"உள்ள வராத" என்றாள்.

ஸ்கிரீனை இன்னொரு தரம் பார்த்தாள். நம்பர் இல்லையென்றால் ஒயர் போய்விட்டது. நம்பர் இருந்தால் ஒயர் இருக்கிறது. நம்பர் வந்து வந்து போனால்? ஒயர் வந்து வந்து போகிறது. அலமாரியின் பின்பக்கம் குனிந்து, சென்சார் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். மோட்டார் தண்டு திரும்புகிற இடத்தில் அது உரசி உரசிப் பிய்ந்து, ஒற்றை நூல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. யோசித்தாள். ஒன்றுக்கு இரண்டு தடவை யோசித்தாள். பிறகு மெயினை அணைத்தாள், பிய்ந்த இடத்தை வெட்டினாள், பல்லால் உறையை உரித்தாள், முறுக்கினாள், டேப் சுற்றினாள். தண்டுக்குப் படாமல் தள்ளி ஓர் ஆணியில் கட்டினாள். மெயினைப் போட்டாள்.

முப்பத்தேழு புள்ளி ஒன்று. முப்பத்தேழு புள்ளி இரண்டு. சத்தம் இல்லை.

"அம்மா?"

"ஒயர் பிஞ்சிருந்துச்சு. சேத்துக் கட்டிட்டேன்."

நிழல் கதவை ஒட்டி வந்தது.

"எந்த எடத்துல?"

"ஏதோ ஒரு எடத்துல. நீ போய்ச் சாப்புடு. சோறு ஆறுது."

நிழல் உடனே போகவில்லை. ஒரு கால் நகர்ந்தது, திரும்ப வந்தது. அம்மா டேப் உருளையைக் கையில் வைத்துக்கொண்டு கதவின் அடியையே பார்த்தபடி நின்றாள். பிறகு அந்த இரண்டு நிழலும் ஒன்றன்பின் ஒன்றாக விலகி, அந்த இடத்தில் வெறும் வெயில் விழுந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோட்டை எடுத்து, காலியாக இருந்த பக்கத்தில் எழுதினாள்: 'நம்பர் ஆடினால், பின்பக்கம் பார்.'